மூவர் ஓடி முடித்தால்தான்

அந்த விதியை எழுதியவன் நான்தான். மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டிக்கு விதிமுறைக் குழு ஒன்று அமைத்தபோது, கல்வித் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே தகுதியில் என்னையும் அதில் உட்கார வைத்தார்கள். முதல் வருடம் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு மனிதர் வந்தார். பாதி தூரம் நடந்தார். நடுவில் கைபேசியை எடுத்து யாருக்கோ வழி சொன்னார். முதல் பரிசை வாங்கிக்கொண்டு போனார். அந்த எரிச்சலில் மறுநாளே பதினோராவது விதியை எழுதினேன்: 'எந்த ஓட்டத்திலும் குறைந்தது மூவர் ஓடி முடித்தாலொழிய அப்போட்டி நடந்ததாகக் கருதப்படமாட்டாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் நடத்தப்படும்.' குழுவில் யாரும் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். நான் எழுதிய நல்ல வாக்கியங்கள் எல்லாமே அப்படித்தான் நிறைவேறியிருக்கின்றன.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது என் மனைவியின் தம்பி வந்து நின்றான். மாப்பிள்ளை என்றுதான் நான் அவனைக் கூப்பிடுவது. அவனுக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. காலையில் ஏலத் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போய் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்ப ஏற்றி வர வேண்டும். நடுவில் உள்ள நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் வண்டிக்குள் காலை நீட்டித் தூங்குவார்கள். இவனும் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தான். சர்க்கரை இருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடப்பது சலிப்பாக இருந்ததால் ஓட ஆரம்பித்தான். மலைக்காற்றில், ஏலச்செடிகளுக்கு நடுவே போகிற மண்பாதையில் தினமும் ஓடி ஓடி, அறுபது முடியும்போது அவனுடைய தொடை இருபது வயதுக்காரன் தொடைபோல ஆகிவிட்டது. முகம் மட்டும் பழைய தேதியிலேயே நின்றது.

"மச்சான், ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு ரெண்டு பேருதான் இருக்கோம். மூணாவதா ராசிங்காபுரத்து வாத்தியார் ஒருத்தரு பேரு குடுத்திருந்தாரு. அவருக்குக் கண்ணுல புரை எடுத்திருக்காக. குனியக் கூடாதாம்."

"ஓடுவதற்கு எதற்கய்யா குனிய வேண்டும்?"

"ஷூ லேசு கட்டணும்ல?"

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள்.

"மூணு பேரு முடிக்கணும்னு எவனோ வேலவெட்டி இல்லாதவன் ஒரு விதி போட்டு வச்சிருக்கான் மச்சான்" என்றான் அவன்.

அந்த வேலைவெட்டி இல்லாதவன் யார் என்று நான் சொன்னேன். "அப்ப நீங்களே ஓடுங்க" என்றான்.

விஷயம் இதுதான். மாவட்டத்தில் முதலாவதாக வருகிறவர் மட்டும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலப் போட்டி செம்மண் நிற ரப்பர் தரையில் நடக்கும். இவன் வாழ்நாளில் மண்ணிலும் சரளையிலும் தாரிலும் மட்டுமே ஓடியிருக்கிறான். "அந்த ரப்பர்ல ஒருக்கா ஓடிப் பாத்துரணும் மச்சான். கால வச்சா அதுவே தூக்கி விடுமாம்ல" என்று சொல்லும்போது, பெண் பார்க்கப் போகிறவனின் முகம் வந்துவிடும் அவனுக்கு. குறுக்கே நின்றது ஒரே ஒருவர், பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். கடைக்காரரும் அறுபதைத் தாண்டியவர், மெலிந்தவர், மதுரைக்குப் போய் ஆணி வைத்த ஓட்டச் செருப்பு வாங்கி வந்தவர். பொங்கலுக்குச் சிலமலையில் நடந்த ஓட்டத்தில் இருவரும் ஒன்றாக வந்தார்கள் என்று ஒரு கட்சி, கடைக்காரர் மூக்கு முந்தியது என்று ஒரு கட்சி. இந்தத் தகராறு தீர வேண்டுமானால் மூன்றாவதாக ஒரு மூக்கு தேவைப்பட்டது.

"இவரா?" என்றாள் மனைவி. "பால் வாங்கிட்டு வந்தாலே விசிறியக் கொண்டான்னு கேக்கிற ஆளு."

"முடிச்சாப் போதும்க்கா. எப்ப முடிச்சாலும் சரி. விதியில நேரம் ஒண்ணும் போடலையே?"

போடவில்லை. நேர வரம்பு வைக்காமல் விட்டது என் பிழை. பிற்பாடு அது எனக்கே உதவியது.

முப்பது ஆண்டுகள் பள்ளி விளையாட்டு விழாக்களில் நான் மேசை போட்டு உட்கார்ந்தவன். ஒரு ஓட்டத்தில் யார் எப்போது என்ன செய்யலாம், எதற்கு மஞ்சள் கொடி, எதற்கு நீக்கம், முறையீட்டை எத்தனை நிமிடத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், அதை யார் வாங்க வேண்டும், வாங்க மறுத்தால் யாரிடம் போக வேண்டும், எல்லாம் தெரியும். ஓடினால் மூச்சு வாங்கும் என்பது மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் வரவில்லை. ஒரு மாதம் காலையில் பள்ளி மைதானத்தைச் சுற்றிப் பழகினேன். முதல் வாரம் இரண்டு சுற்று. கடைசி வாரம் ஐந்து சுற்று, நடுவில் ஒருமுறை நின்று கணுக்காலை ஆராய்வதுபோல் நடித்துக்கொண்டு.

போட்டி நாள் வந்தது. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் முந்நூறு மீட்டர் தடம் போட்டிருந்தார்கள். அதில் ஐந்து சுற்று. கணக்கு இவ்வளவு சுலபமாக அமைவது அரசாங்கக் காரியத்தில் அபூர்வம். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. சாரல் நினைத்தபோது வந்து முகத்தில் தெளித்துவிட்டுப் போனது. ஜீப் ஸ்டாண்டிலிருந்து மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒருத்தர் மிச்சமில்லாமல் வந்துவிட்டார்கள். மைதானத்தின் எதிர்ப்பக்கச் சுவர் ஓரமாக எட்டு ஜீப்புகளை வரிசையாக நிறுத்தி, மேலே ஏறி நின்றார்கள். இந்தப் பக்கம் பந்தலுக்குக் கீழே பஜார் ஆட்கள். கடைக்காரர் அவர்களுக்குக் கையசைத்துவிட்டு, ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டார். ஓட்டத்தின்போது வாயில் எதையும் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.

நடுவர் ஒரு இளம் உடற்கல்வி ஆசிரியை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஒரு காலத்தில் அவருடைய நியமனக் கோப்பு என் மேசை வழியாகப் போனது. "சார், நீங்க இங்க உக்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்தார்.

"நான் ஓடுகிறேனம்மா."

"எங்க சார்?"

"ஐந்து சுற்று."

நெஞ்சில் எண் குத்திய துணியை அப்போதுதான் பார்த்தார். பார்த்த பிறகும் நாற்காலியைத் திரும்ப எடுத்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தடத்தின் ஓரத்திலேயே அதை விட்டார். அதுவும் ஒரு முன்னெச்சரிக்கைதான்.

விசில் ஊதியது. நூறு மீட்டருக்குள் அவர்கள் இருவருடைய முதுகும் எனக்குச் சின்னதாகிவிட்டது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. என் வேலை முடிப்பது. முதல் சுற்றில் பந்தலைத் தாண்டும்போது மனைவி, "மெதுவா, மெதுவா" என்றாள். அதைவிட மெதுவாக ஓட முடியாது என்று சொல்ல நினைத்தேன். மூச்சு மிச்சம் இல்லை. இரண்டாவது சுற்றில் விலாவில் ஒரு குத்தல். மூன்றாவது சுற்றில் அது போய்விட்டது. அது போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. காதுக்குள் கதகதப்பு. கால்கள் என்னைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, காரணமே இல்லாமல். அறுபத்திரண்டு வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, ஊர் பார்க்க, சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றுகிறோம் என்பது சட்டென்று மகா வேடிக்கையாகத் தோன்றியது. இதை முப்பது வருடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த முட்டாளை நினைத்து இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

நான் மூன்றாவது சுற்றை முடிக்கும் இடத்தில் இருவரும் என்னைத் தாண்டினார்கள். அவர்களுக்கு நான்காவது முடிகிறது. மாப்பிள்ளை முன்னால், கடைக்காரர் நான்கு அடி பின்னால். தாண்டும்போது ஏலக்காய் வாசம் வந்தது. கடைசிச் சுற்றுக்கான மணி, பள்ளிக்கூடத்துப் பித்தளை மணி, கணகணவென்று அடித்தது. நடந்த அக்கிரமத்தைப் பின்னாலிருந்து முழுசாகப் பார்க்கிற வாய்ப்பு அதனால்தான் எனக்குக் கிடைத்தது.

எதிர்ப்பக்க நேர்தடத்தில், ஜீப்புகள் நிற்கிற இடத்தை நெருங்கும்போது, மாப்பிள்ளை எட்டடி முந்தியிருந்தான். அங்கே கடைக்காரர் வேகத்தைக் கூட்டினார். எட்டடி ஐந்தடி ஆனது, மூன்றடி ஆனது. ஜீப்பின்மேல் நின்றவர்கள் பதறிப்போனார்கள். "அண்ணே, பின்னாடி! பின்னாடி வாராரு!" என்று கத்தினார்கள். காற்றில் அது அவன் காதுக்கு எட்டவில்லை. உடனே ஒருத்தன் வண்டிக்குள் குதித்து ஆரனை அடித்தான். இரண்டு அடி. பாம், பாம்.

மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். பின்னால் வருகிறவன் அவசரமாக இருக்கிறான். இடது பக்கம் ஒதுங்கு. முன்னால் எதுவும் வரவில்லை என்றால் வலது கையை நீட்டி, போ என்று காட்டு. பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் இந்த மரியாதையை வைத்துத்தான் ஊர் உயிரோடு இருக்கிறது. முப்பத்தைந்து வருடமாகத் தினம் பத்துத் தடவை இதைச் செய்த உடம்பு அது. அதற்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் என்றும் தெரியாது, ரப்பர் தரை என்றும் தெரியாது.

மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தான். இடது பக்கம் ஒதுங்கினான். முன்னால் எட்டிப் பார்த்து எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டான். வலது கையை நீட்டி, அழகாக, போ போ என்று ஆட்டினான்.

கடைக்காரர் போனார். போகும்போது பழக்கதோஷத்தில் நன்றிக்குக் கையைத் தூக்கினார் என்று பின்னால் சொன்னார்கள். நான் பார்த்தவரையில் தூக்கினார்தான்.

நீட்டிய கையோடு இரண்டு எட்டு ஓடிய பிறகுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. "அய்யய்யோ!" என்று அவன் போட்ட சத்தம் அறுபது மீட்டர் பின்னால் வந்த எனக்கே கேட்டது. அப்புறம் அவன் ஓடிய ஓட்டத்தை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. வளைவில் விட்டதைப் பாதி பிடித்தான்; நேர்தடத்தில் மீதியைப் பிடித்தான்; ஆனால் கோடு அதற்குள் வந்துவிட்டது. ஒரு சட்டைக் கை அளவு வித்தியாசம். கடைக்காரர் கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தார். ஜீப்பின்மேல், ஆரன் அடித்தவனைத் தேடி நாலு பேர் இறங்கினார்கள்.

நான் அப்போது நான்காவது சுற்றின் கடைசி வளைவில் இருந்தேன். எனக்கு அது முடிந்து இன்னும் ஒரு முழுச் சுற்று பாக்கி. மாப்பிள்ளை இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றவன், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவுவதைக் கண்டேன். எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோராவது விதி.

நேராக என்னை நோக்கி ஓடி வந்தான். "மச்சான்! உக்காருங்க!"

நான் ஓடினேன்.

"காலப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க மச்சான்! நீங்க முடிக்கலைன்னா இது செல்லாது! அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி ஓடுவோம்! ஒரே வாரந்தான்!"

விழுந்து கிடந்த கடைக்காரர் இதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். சிரிப்பு போய்விட்டது. "சார்! ஓடுங்க சார்! சார், உங்களக் கும்பிட்டுக்கிறேன் சார்!"

செய்தி மைதானத்தைச் சுற்றிப் பரவ ஒரு சுற்று ஓடும் நேரம்கூட ஆகவில்லை. ஜீப் பக்கம் மொத்தமும், "உக்காரு! உக்காரு!" பந்தல் பக்கம் மொத்தமும், "ஓடு! ஓடு!" நான் எந்தக் கூட்டத்திலும் எந்தத் தீர்மானத்துக்கும் இத்தனை பேரைக் கவனமாக இருக்க வைத்ததில்லை. "ஏ அப்பு, மயங்கி விழுகிற மாதிரி விழுந்துரு!" என்று ஒரு ஓட்டுநர் யோசனை சொன்னார். "விழுந்தீங்கன்னா தூக்கிட்டுப் போய்க் கோட்டுக்கு அங்கிட்டுப் போட்டுருவோம்!" என்று பஜாரிலிருந்து பதில் வந்தது. தூக்கிப்போட்டால் முடித்ததாகாது; அதை அவர்களிடம் விளக்க எனக்கு மூச்சு போதாது.

கோட்டுக்கு வந்தேன். நடுவர் அம்மா நாற்காலியைக் காட்டினார். "சார், போதும் சார், ரெண்டு பேரும் முடிச்சாச்சு."

"இன்னும் ஒன்று!" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, மணியை எடுத்து எனக்காக அடித்தார். விதிப்படி தவறு. கடைசிச் சுற்று மணி முதலாவதாக வருகிறவருக்கு மட்டும்தான். ஆனால் அந்தச் சத்தம் முதுகுத்தண்டில் ஓடியதை நான் மறைக்க முடியாது.

பந்தல் முனையில் மனைவி நின்றாள். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், ஒரு பக்கம் நான். வேறு யாராக இருந்தாலும் கண்ணீர் விட்டிருப்பார்கள். அவள் என் கூடவே நாலு எட்டு பந்தலுக்குள்ளேயே நடந்து வந்து, "என்னங்க, முழங்கால் எப்பிடி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு."

"அப்பறம் என்ன? அவன் கை காட்டுனதுக்கு நீங்க ஏன் உக்காரணும்? ஓடுங்க."

வளைவைத் தாண்டியதும் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டான். தடத்துக்குள்ளேயே, என் தோளோடு தோளாக ஓடினான். "அந்த ரப்பர நெனச்சுப் பாருங்க மச்சான். ஒருக்கா மச்சான். ஒங்களுக்கு என்ன இதுல, ஒரு வெங்கல மெடலு. நான் வாங்கித் தர்றேன், பெருசா."

இங்கேதான் என் சோதனை. போட்டியில் இல்லாத ஒருவர், அல்லது ஓடி முடித்துவிட்ட ஒருவர், ஓடுகிறவனுக்குத் துணையாகப் பக்கத்தில் ஓடக் கூடாது. ஓடினால் எச்சரிக்கை, தொடர்ந்தால், துணை பெற்ற ஓட்டக்காரரை நீக்கிவிடலாம். என்னை நீக்கினால் மூவர் முடித்ததாகாது. அதாவது அவன் என்னை உட்காரச் சொல்லிக் கெஞ்சவே வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு இப்படியே கடைசி வரைக்கும் கூட ஓடி வந்தால் போதும். அது அவனுக்குத் தெரியாது. அந்த மைதானத்தில் எனக்கும் நடுவருக்கும் மட்டும்தான் தெரியும். நடுவர் அதற்குள் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்திருந்தார்.

தெரிந்த விதியைச் சொல்லாமல் இருப்பது எனக்கு வராத காரியம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சொல்லியிருக்கிறேன். அது நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது: மாப்ளே, இப்படி நீ கூட ஓடினால். சொன்னால் அவன் விடமாட்டான். சொல்லாவிட்டால் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்துவிடும். ஒரே வழிதான் இருந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

என்னிடம் கூட்டுவதற்கு வேகம் இருந்தது என்பதே எனக்குச் செய்தி. நாலு சுற்று ஆமைபோல ஓடியதில் மிச்சப்பட்டதெல்லாம் காலில் இருந்தது. அவனோ எல்லாவற்றையும் அந்தக் கடைசி நேர்தடத்தில் கொட்டிவிட்டிருந்தான். பத்து எட்டு கூட வந்தான். "மச்சான், என்ன மச்சான்..." என்றான். இன்னும் ஐந்து எட்டு. அப்புறம் சத்தம் பின்னால் போயிற்று. "அடேயப்பா, என்ன இம்புட்டு வெரசா ஓடுறீக!" என்று அவன் சொன்னதில் கோபம் பாதி, வியப்பு பாதி இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடும்போது திரும்பினால் வேகம் குறையும் என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜீப்புகளைத் தாண்டும்போது எட்டு வண்டியும் ஒன்றாக ஆரன் அடித்தது. என்னையும் ஒதுங்க வைக்கலாம் என்று பார்த்தார்கள். நான் வாழ்க்கையில் ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அதிலும் யாருக்கும் வழி விட்டதில்லை. இன்னும் வேகமாகப் போனேன். சாரல் முகத்தில் அடித்தது. கண்ணாடி நனைந்து மலையும் மேகமும் ஒன்றாகிவிட்டன. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினேன். சிரித்தால் மூச்சு போகும் என்று தெரியும், நிறுத்த முடியவில்லை. கடைசி வளைவில் பந்தல் பக்கத்துச் சத்தம் என்னை முன்னால் பிடித்து இழுத்தது. கோட்டைத் தாண்டினேன். நடுவரின் கை இறங்கியது.

நிற்கத் தோன்றவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தேன். "சார், முடிஞ்சிருச்சு சார்!" என்று கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்து, அரைச் சுற்றுக்கு அப்பால் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அப்படியே கட்டிக்கொண்டார். அவர் அழுதாரா, வியர்வையா தெரியவில்லை.

நடுவர் புத்தகத்தோடு வந்தார். விரல் சரியான பக்கத்தில் இருந்தது. என்ன இருந்தாலும் நல்ல அதிகாரி. "சார், உங்க கூட ஒருத்தர் ஓடுன மாதிரி இருந்துச்சே."

"துணைக்கு ஓடினால்தானம்மா குற்றம். அவர் என்னை நிறுத்த ஓடி வந்தார். நிறுத்த முயல்வது இடைஞ்சல். இடைஞ்சல் செய்யப்பட்டவனை நீக்க விதி கிடையாது. வேண்டுமானால் இடைஞ்சலுக்கு ஒரு எச்சரிக்கை பதிவு செய்துகொள்ளுங்கள்."

அவர் யோசித்தார். விரலை எடுத்தார். மூன்று பெயரையும் எழுதினார். கடைக்காரர் மாநிலப் போட்டிக்குப் போகிறார் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

மாப்பிள்ளை தன் ஜீப்பின் முன்பக்கம் சாய்ந்து நின்றான். கழுத்தில் வெள்ளி மெடல் திரும்பித் தொங்கியது. நான் போய் நின்றேன்.

"உக்காந்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் மச்சான்?"

விதி, நியாயம், கடைக்காரரின் உழைப்பு என்று சொல்ல நிறைய இருந்தது. "உட்காரத் தோன்றவில்லை மாப்ளே" என்றேன். அதுதான் உண்மை.

அவன் கதவைத் திறந்தான். முன்னிருக்கையில் உட்காரப் போன என்னைக் கை நீட்டித் தடுத்தான். "அக்கா முன்னாடி வரட்டும். நீங்க பின்னாடி ஏறுங்க."

முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக, அந்த ஜீப்பின் பின்பக்கத்தில், மாற்று டயருக்கும் தோட்டத்துக் கூடைகளுக்கும் நடுவே உட்கார்ந்தேன். நியாயமான தண்டனை, முறையீடு செய்யவில்லை. பஜார் வழியாக வண்டி குலுங்கிப் போனது. உட்கார்ந்த பிறகும் என் கால்கள் இரண்டும் தாமாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

முன்னாலிருந்து மனைவி திரும்பினாள்.

"கொஞ்சம் மெதுவாச் சிரிங்க. அவனுக்கு இன்னும் ஆறல."

வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன். டயரும் கூடையும் நானுமாக வீடு போய்ச் சேரும் வரைக்கும் குலுங்கிக்கொண்டே இருந்தோம்.